இரண்டே முக்கால் வயதும் ஒரு சிவப்புக் காகிதப் பூவும்

வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மெல்பர்னில் வசிக்கிறீர்கள். மகளுக்கு இரண்டே முக்கால் வயது. அவள் போகும் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்திலிருந்து, ஏப்ரல் 25 ஆன்சாக் தினத்துக்காக, அதாவது போர்களில் மாண்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை நினைவுகூரும் நாளுக்காக, அந்த நினைவின் அடையாளமான சிவப்புப் பாப்பிப் பூ ஒன்றை வீட்டில் செய்து அனுப்பும்படி குறிப்பு வந்திருக்கிறது. இந்த வயதுக்கு ஏற்ற சுலபமான கைவேலை எது என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் அதற்கு நடுவில், "இது இவர்களுடைய போர், எங்களுக்கென்ன" என்று கணவர் சொன்னதையும், அப்பப்பாவின் படத்துக்கு நாள்தோறும் பூ வைக்கிற உங்கள் மாமியார் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனதையும், அவர் வன்னியிலிருந்து வந்தவர் என்பதையும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். ஆகவே, இவ்வளவு சின்னக் காதில் போரையும் சாவையும் போடலாமா, போடுவதென்றால் எந்த வார்த்தைகளில், யாரை நினைத்து என்பதே உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். கைவேலையையும் விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

இந்த நகரத்தில் பதினாறு ஆண்டுகளாக இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் அறையில் ஆசிரியையாக இருக்கிறேன். குழந்தை வளர்ச்சியை முறையாகப் படித்தவள், ஆனால் மனநல மருத்துவர் அல்ல. சென்னையில் பிறந்தவள் என்பதால் போரை நேரில் அனுபவித்ததில்லை. எனவே குழந்தையைப் பற்றி நான் சொல்வதை ஓரளவு உறுதியோடும், உங்கள் மாமியாரைப் பற்றி நான் சொல்வதைத் தயக்கத்தோடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டே முக்கால் வயதில் ஒரு குழந்தைக்கு எது புரியாது என்பதில் பெரிய ஐயம் எதுவும் இல்லை. கடந்த காலம் முழுவதையும் பெரும்பாலும் "நேத்து" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுவாள். போன வாரம் கடற்கரைக்குப் போனதும் நேத்து, போன வருடப் பிறந்தநாளும் நேத்து. அதனால் ஆன்சாக் படைகள் துருக்கியின் கலிப்போலியில் போரிட இறங்கிய 1915 என்பது அவளுக்கு ஓசை மட்டுமே. சாவு என்பதன் உள்ளடக்கம், அதாவது அது மீளாதது, அதன் பிறகு உடல் எதையும் செய்யாது, எல்லோருக்கும் அது நேரும் என்ற மூன்றும் சேர்ந்து பிடிபடுவது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து வயதிலிருந்து ஏழு வயதுக்குள்தான். போர், சாவு, நூறு ஆண்டு என்று ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று புரியாத பொருள்களை அடுக்கி, அவற்றின் மேல் ஒரு காகிதப் பூவை வைத்து "நினைவுகொள்" என்றால், அந்தப் பூ மட்டுமே அவளுடைய கையில் தங்கும். அதில் தவறில்லை என்பதே என் நிலைப்பாடு. இந்த வயதில் கொடுக்கத் தக்கது போரின் கதை அல்ல. இங்கே இல்லாத ஒருவருக்காக ஒரு பூவை வைக்கும் செயல் மட்டும்தான். கதை காத்திருக்கும், அதற்குப் பள்ளிக்கூடமும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளும் இருக்கின்றன.

இனி, எது நன்றாகப் புரியும் என்பதையும் பார்க்க வேண்டும். நான் தவறு செய்தது அங்கேதான். ஆள் இருப்பதும் இல்லாமல் போவதும் இந்த வயதுக் குழந்தைக்கு மிக நன்றாகப் புரியும். முகத்தைத் துணியால் மூடித் திறந்து விளையாடிய நாளிலிருந்து அவள் ஆராய்ந்துகொண்டிருப்பது அதைத்தான்: அம்மா போனாள், அம்மா வருவாளா? பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதத்தில் என் அறைக் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்து, மென்மையாகத்தான் சொல்கிறேன் என்ற நினைப்பில், "ரொம்ப நாளைக்கு முன்னாடி நிறைய அப்பாக்களும் அண்ணாக்களும் கப்பல் ஏறித் தூரமா போனாங்க, திரும்பி வரவே இல்ல" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னேன். இரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, செத்தார்கள் என்ற சொல்கூட இல்லை. மறுநாள் காலை ஒரு பையன் வாசலில் தன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அந்த வாரம் முழுவதும் அப்படியே. அப்பாவுக்குக் காரணம் புரியவில்லை. எனக்கு மூன்றாம் நாள்தான் புரிந்தது. தினமும் காலையில் ஓர் அறையில் விடப்பட்டு, மாலையில் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கையில் பகலைக் கழிக்கும் ஒரு குழந்தைக்கு, "போனவர்கள் திரும்பி வரவில்லை" என்பதைவிடப் பயங்கரமான வாக்கியம் இருக்க முடியாது. பெரியவர்களுக்கு இதமாக ஒலிக்கும் அந்த வரி எத்தனையோ நினைவு நாள் துண்டுப் பிரசுரங்களில் இன்றும் இருக்கிறது. அதைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள்.

இப்போது நான் சொல்வது இவ்வளவுதான்: "ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி இருந்தவங்க. இப்போ இல்ல. அவங்களை நினைச்சுப் பூ வைக்கிறோம்." இதை உங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவள் "ஏன் இல்ல?" என்று கேட்டால் "செத்துப்போயிட்டாங்க" என்று தயங்காமல் சொல்லலாம். அந்தச் சொல்லை மறைத்து "தூங்கிட்டாங்க" என்றோ "சாமி கூட்டிக்கிட்டாரு" என்றோ சொல்வதில்தான் சிக்கல் இருக்கிறது. சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளும் வயது இது, இரவில் தூங்க மறுக்கும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அவள் கேட்காவிட்டால் நீங்கள் நீட்ட வேண்டியதில்லை. கேட்டாலும் ஒரு கேள்விக்கு ஒரு வரி போதும், பெரும்பாலும் அடுத்த கேள்வி "பிஸ்கட் எங்கே?" என்பதாக இருக்கும். "தியாகம்", "வீரர்", "நாட்டுக்காக" ஆகிய சொற்களை இந்த வயதில் நான் தொடுவதில்லை. அவை பொய் என்பதற்காக அல்ல. அவற்றின் கனம் பெரியவர்களுக்கு மட்டுமே தெரியும். உங்கள் வீட்டில் அச்சொற்களுக்கு வேறொரு கனமும் இருக்கக்கூடும்.

உண்மையில் உங்கள் மகளுக்கு இந்தச் செயலைக் கற்றுத்தரும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அப்பம்மா ஒவ்வொரு நாளும் ஒரு படத்தின் முன் பூ வைப்பதை அவள் பார்த்தே வளர்கிறாள். அப்பப்பா எப்படிக் காலமானார் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு படமும் அதற்கு ஒரு பூவும் இருக்கிற குழந்தைக்கு, நினைவுச் சின்னத்தின் படியில் பூ வைப்பது என்ன என்று விளக்க வேண்டியதே இல்லை. "அப்பப்பாவுக்கு அப்பம்மா பூ வைக்கிறாங்க இல்ல, அதே மாதிரி" என்றால் முடிந்தது. என் அறையில் இந்தச் சாதகம் எல்லாக் குழந்தைகளுக்கும் வாய்ப்பதில்லை. குழந்தையின் நினைவு எப்படி உருவாகிறது என்பதைப் பற்றிய ஆய்வுகளில் பலமுறை உறுதியான ஒரு விஷயமும் இங்கே பொருந்துகிறது: பெரியவர்கள் நடந்ததைப் பற்றிக் குழந்தையோடு சேர்ந்து பேசப் பேசத்தான் தன் வாழ்க்கையை நினைவில் வைத்துச் சொல்லும் திறன் அதற்கு வளர்கிறது. "அப்பப்பாவுக்கு மாம்பழம் பிடிக்கும்" என்ற ஒரு வரி, கலிப்போலி பற்றிய பத்து வரிகளைவிட அவளுக்கு அதிகம் கற்றுத்தரும். ஆனால் இரண்டு வயதில் காகிதப் பூ செய்தவர்கள் வளர்ந்தபின் அதிக நாட்டுப்பற்றோடும் அதிக இரக்கத்தோடும் இருப்பார்கள் என்று யாராவது சொன்னால், அது ஆசையே தவிர ஆதாரம் அல்ல.

கைவேலைக்கு வருவோம். முதலில் அவளுடைய கை. இந்த வயதில் கிறுக்கல் வட்டமாகச் சுற்றத் தொடங்கியிருக்கும். மூடிய ஒரு வட்டத்தைப் பார்த்து வரைவது ஏறத்தாழ மூன்று வயதில்தான் வரும். கத்தரிக்கோலால் காகித ஓரத்தைத் துண்டு துண்டாக நறுக்க முடியும், கோட்டின் மேல் வெட்ட முடியாது. ஆகவே "இதழ் வடிவத்தில் வெட்டி ஒட்டவும்" என்று குறிப்பில் இருந்தால், அந்த வேலை உங்களுக்கு வந்தது என்று பொருள், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பரிந்துரைப்பது அச்சு. குடைமிளகாயைக் குறுக்காக வெட்டி அடிப்பாதியை எடுத்துக்கொண்டால், வெட்டிய முகம் மூன்று நான்கு மடல்களாக இருக்கும். நினைவு நாள்களில் அணியும் சிவப்புப் பூவான ஃபிளாண்டர்ஸ் பாப்பிக்கும் நான்கு இதழ்கள்தான். தட்டையான தட்டில் சிவப்பு வண்ணத்தை மெல்லிய படலமாகப் பரப்பி, அதில் தொட்டுத் தடித்த தாளில் அழுத்தச் சொல்லுங்கள். நடுவில் அவளுடைய ஆள்காட்டி விரலைக் கருப்பில் தோய்த்து ஒரு பொட்டு. குடைமிளகாய் கையில் வழுக்கினால் பாதி உருளைக்கிழங்கில் ஒரு முள்கரண்டியைக் கைப்பிடியாகக் குத்திக் கொடுங்கள். முதல் இரண்டு அச்சுகள் பூவாக இருக்கும், அடுத்த இருபதும் சிவப்புச் சேறாக இருக்கும். அதுவே சரியான கைவேலை. முப்பது குழந்தைகளிடமிருந்து ஒரே மாதிரியான முப்பது பூக்கள் சுவரில் தொங்கினால், அவற்றை ஆசிரியர் செய்திருக்கிறார் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். சிவந்த கைகளைக் கண்டு சில பெற்றோர் திடுக்கிடுவதுண்டு. இரத்தம் நம் கண்ணுக்குத்தான் தெரிகிறது, அவளுக்கு அது சிவப்பு மட்டுமே.

இன்னொன்று, அச்சைவிட எனக்குப் பிடித்தது, காபி வடிகட்டும் வட்டத் தாள். நீரில் கரைத்த சிவப்பு வண்ணத்தைத் தடித்த தூரிகையாலோ சொட்டியாலோ அதன் மேல் விட்டால், தாள் உறிஞ்சி நிறம் தானாகப் பரவுவதைக் குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். காய்ந்தபின் நடுவில் நீங்கள் சற்றுக் கொசுவி முறுக்கினால் உண்மையான பாப்பி இதழைப் போன்ற கசங்கல் கிடைக்கும். பாப்பி இதழ் மொட்டுக்குள் கசங்கிக் கிடந்து விரிவது; அதனால் கசங்கிய தாள் இங்கே குறை அல்ல. பேப்பர் தட்டின் நடுவை வெட்டி எடுத்து வளையமாக்கி, கிழித்த சிவப்புத் துணுக்குகளை ஒட்டி மலர்வளையம் செய்வதும் நல்லதுதான். கிழிப்பது விரல்களுக்கு நல்ல பயிற்சி. அட்டையில் செய்யும் படைத்தொப்பி, பொம்மைத் துப்பாக்கி, டாங்கி போன்றவற்றை நான் செய்யவைப்பதில்லை. அவை வேடிக்கையான விளையாட்டுப் பொருள்களாக மாறிவிடும், பிறகு ஏன் சத்தம் போடக்கூடாது என்று குழந்தைக்கு விளங்காது.

பாதுகாப்பு பற்றி ஆசிரியைக் குரலில் சில சொற்கள். பாப்பியின் நடுவில் கருப்புப் பொத்தானை ஒட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அது கூடாது. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தச் சிறு பொருளும் மூச்சுக்குழலை அடைக்கும் அபாயமுள்ளது என்பதே பொம்மைகளுக்கான அளவுகோல், பொத்தான் அதில் தாராளமாக அடங்கும். கடைவாசலில் விற்கும் பூவின் குண்டூசியையும் அவள் சட்டையில் குத்தாதீர்கள். பின்னல் பூவாக இருந்தால் ஒரு தையல் போட்டுவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆன்சாக் தினத்தன்று இருட்டு விலகுமுன் நடக்கும் விடியற்கால நினைவு நிகழ்ச்சிக்காக வாங்கும் சிறிய மின் மெழுகுவத்தி. அதற்குள் இருப்பது பெரும்பாலும் பொத்தான் மின்கலம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது, குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் 2022 ஜூன் 22 முதல் இதற்குக் கட்டாயப் பாதுகாப்புத் தரம் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் பழைய பெட்டியில் கிடக்கும் பழைய விளக்குக்கு அந்தச் சட்டம் தெரியாது. திருகாணி போட்டு மூடிய உறை இல்லாத எதையும் அவள் கையில் கொடுக்க வேண்டாம்.

கைவேலை என்றால் காகிதம் மட்டும்தான் என்றில்லை. ஆன்சாக் தினத்தின் பழைய அடையாளம் ரோஸ்மேரி என்ற வாசனைச் செடியின் துளிர். கலிப்போலித் தீபகற்பத்தில் அது காடாக வளர்கிறது, நினைவோடு அதைத் தொடர்புபடுத்துவதோ அதற்கும் நெடுங்காலம் முந்திய ஐரோப்பிய வழக்கம். பாப்பி முதன்மையாக, முதல் உலகப் போர் ஓய்ந்ததை நினைவுகூரும் நவம்பர் 11 நினைவு நாளுக்குரியது. இந்நாட்டில் இப்போது இரண்டும் இரண்டு நாள்களிலும் தென்படுகின்றன. நியூசிலாந்தில் பாப்பி ஏப்ரலுக்கு வந்ததற்கு ஒரு தற்செயல் காரணம்: 1921இல் பிரான்சிலிருந்து பூக்களை ஏற்றி வந்த கப்பல் நவம்பருக்குள் வந்து சேரவில்லை, ஆகவே 1922 ஆன்சாக் தினத்தையொட்டி விற்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பாப்பித் தாளுக்குப் பதிலாக ஒரு ரோஸ்மேரிக் கொத்தைக் கட்டிக் கொடுத்து அனுப்பினால் நிலையத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். இலையை உள்ளங்கையில் கசக்கி முகரச் சொல்லுங்கள். இரண்டு வயதில் நினைவு மூக்கின் வழியாகத்தான் ஆழமாகப் போகிறது என்பது என் அனுபவம். அனுபவம் என்று மட்டுமே சொல்கிறேன்.

அடுத்தது ஆன்சாக் பிஸ்கட். ஒரு கோப்பை ஓட்ஸ், ஒரு கோப்பை மைதா, ஒரு கோப்பை உலர்ந்த தேங்காய்த் துருவல், முக்கால் கோப்பைச் சர்க்கரை ஆகியவற்றைப் பெரிய பாத்திரத்தில் கொட்டிக் கலக்குவது அவள் வேலை. 125 கிராம் வெண்ணெயையும் இரண்டு மேசைக்கரண்டி கோல்டன் சிரப் எனும் கரும்புப் பாகையும் அடுப்பில் உருக்கி, இரண்டு மேசைக்கரண்டி கொதிநீரில் கரைத்த ஒரு சிறுகரண்டி சமையல் சோடாவை அதில் ஊற்றுவது உங்கள் வேலை. அது பொங்கி நுரைப்பதைத் தள்ளி நின்று பார்க்கவிடுங்கள். ஆறியபின் இரண்டையும் சேர்த்து, உருண்டை பிடிப்பதும் தட்டையாக்குவதும் மறுபடி அவளுக்கு. ரவா லட்டு பிடித்த வீட்டில் இது புதிய வித்தையல்ல. 160 டிகிரியில் பதினைந்து நிமிடம் போதும். முட்டை கிடையாது. முட்டை இல்லாததால் கெடாமல் கப்பலில் போர்முனைக்குச் சென்றது என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் எச்சரிக்கை தேவை. கலிப்போலியில் படைவீரர்கள் தின்றது பல்லை உடைக்கும் கெட்டி ரொட்டி. இந்த இனிப்பு பிஸ்கட் பெரும்பாலும் உள்நாட்டில் போர் நிதி திரட்டும் விற்பனைகளில் விற்கப்பட்டது, தேங்காய்த் துருவலோ பிற்காலச் சேர்க்கை. எனவே குழந்தையிடம் "போர்வீரர்கள் சாப்பிட்ட பிஸ்கட்" என்று சொல்லாமல் "இந்த நாளில் செய்கிற பிஸ்கட்" என்று சொன்னால் நீங்கள் பின்னால் எதையும் திருத்த வேண்டியிருக்காது. ஒரு வேடிக்கை: ஆன்சாக் என்ற சொல்லுக்கு 1920களின் தொடக்கத்திலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு. விற்பனைக்குச் செய்பவர்கள் மரபான செய்முறையை மாற்றக்கூடாது, பிஸ்கட்டைக் குக்கி என்று அழைக்கவும் கூடாது. வீட்டு அடுப்புக்கு அந்தச் சட்டம் எட்டாது.

படப்புத்தகங்களில் உங்கள் மகள் நிச்சயம் ஒரு கழுதையைச் சந்திப்பாள். காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் மருத்துவப் பிரிவைச் சேர்ந்த சிம்ப்சன் என்ற படைவீரர் கலிப்போலியில் கழுதை மேல் காயம்பட்டவர்களை ஏற்றி வந்தார், 1915 மே 19 அன்று கொல்லப்பட்டார் என்பது வரை உறுதி. எத்தனை பேரைக் காப்பாற்றினார், கழுதையின் பெயர் என்ன என்பதெல்லாம் பிற்காலத்தில் ஊதிப் பெரிதாக்கப்பட்டவை. காயம்பட்டவரைச் சுமக்கும் கழுதை இந்த வயதுக்கு நல்ல படம்தான். யாருக்கோ கால் வலி, கழுதை உதவியது என்ற அளவில் அது நின்றுகொள்ளும்.

கணவர் கேட்ட "எங்களுக்கென்ன" என்பதற்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி, அதற்கு நேரான பதிலும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை நம்மில் பலருக்குப் பெயரளவிலாவது தெரியும். என் பாட்டி அடங்காத பிள்ளையை "சரியான எம்டன்" என்பார். அந்த எம்டனை நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவருகே முடக்கியது சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். அது அப்போது, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் தொடருக்குக் காவலாக வந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பல்கள் கொழும்பில் நின்றுவிட்டு எகிப்து நோக்கிப் போயின. அதில் போனவர்கள்தாம் அடுத்த ஏப்ரல் 25 விடியலில் கலிப்போலியில் இறங்கினார்கள். சீக்கிய, கூர்க்காப் படைகளும் கோவேறு கழுதைகளை ஓட்டிய இந்தியப் படைப்பிரிவினரும் அதே மலைச்சரிவுகளில் இருந்தனர். எட்டு மாதங்களில் ஆஸ்திரேலியர் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரும், நியூசிலாந்தர் ஏறத்தாழ 2,800 பேரும், தங்கள் மண்ணில் நின்று போரிட்ட துருக்கியர் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரும் மாண்டார்கள். மெல்பர்னில் துருக்கிக் குடும்பங்களும் நிறைய இருக்கின்றன. என் அறையிலேயே மாண்டவர்களின் இரு தரப்புக் கொள்ளுப் பேரர்களும் ஒரே குடைமிளகாய்க்குச் சண்டை போட்டிருக்கிறார்கள். பகைவர் என்ற சொல்லை இந்த நாளில் நான் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். இதையெல்லாம் கணவரிடம் சொல்லலாம். மகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாமியாரைப் பற்றி. ஓர் ஆண்டு நான் நடத்திய சிறு நிகழ்ச்சியில் ஒலிபெருக்கியில் ஊதுகொம்பின் இசையைப் போட்டேன். பேரனை அழைத்துப்போக வந்திருந்த ஒரு பாட்டி, போர் நடந்த ஊரிலிருந்து வந்தவர், நடைபாதையிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் குழந்தைகளைப் பற்றி யோசித்திருந்தேன், வாசலில் யார் நிற்பார்கள் என்று யோசிக்கவில்லை. அதிலிருந்து என்ன செய்யப்போகிறோம், என்ன ஒலி வரும் என்பதை ஒரு வாரம் முன்பே எல்லாக் குடும்பங்களுக்கும் எழுதிவிடுகிறேன். விரும்பாதவர்கள் அன்று தாமதமாக வரலாம், காரணம் கேட்பதில்லை. உங்கள் நிலையத்திடம் அந்த விவரத்தைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டில், அவரிடம் இதைப் பற்றி விளக்கிப் பேச முயல்வதைவிட, நீங்களும் மகளும் மேசையில் அச்சுப் போடும்போது அவர் வந்து உட்கார இடம் விட்டுவைப்பது நல்லது என்று நினைக்கிறேன். நிலையத்துக்கு ஒரு பூ போகட்டும். இரண்டாவது பூவை மகள் அப்பப்பாவின் படத்துக்குக் கொண்டுபோக விரும்பினால், வைக்கலாமா என்று அப்பம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அதுவும் ஒரு பதில்தான். அவருக்குத் தூக்கம் கெடுவது, ஓசைக்கு நடுங்குவது போன்றவை தொடர்ந்தால் அது என் எல்லையைத் தாண்டியது; உங்கள் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள், போரிலிருந்து வந்தவர்களுக்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இந்நகரில் இருக்கிறார்கள்.

விடியற்கால நிகழ்ச்சிக்கு அவளைக் கூட்டிப்போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். என் கருத்தில், வேண்டாம். இருட்டு, குளிர், அசையாத கூட்டம், திடீரென்று ஒலிக்கும் ஊதுகொம்பு: இவற்றில் ஒன்றுகூட இரண்டே முக்கால் வயதுக்கு உகந்ததில்லை. ஒரு நிமிட மௌனமும் அப்படியே. நாங்கள் பத்து வினாடி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, என்ன கேட்டது என்று பேசுகிறோம். வேறொரு நாள் பகலில் உங்கள் பகுதி நினைவுச் சின்னத்துக்குப் போய்ப் பூவை அவள் கையால் வைக்கவிடுங்கள். மெல்பர்னுக்கு மேற்கே உள்ள பல்லரட் நகரின் பக்கம் போக முடிந்தால் இன்னும் நல்லது: அங்கே போருக்குச் சென்ற ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் என்று 1917 முதல் 1919 வரை நட்டு, ஏறத்தாழ 3,800 மரங்கள் 22 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கின்றன. கல்வெட்டைப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் மரத்தைக் கட்டிக்கொள்ளத் தெரியும்.

கடைசியாக ஒரு வேலை, நேரம் இருந்தால். ஃபிளாண்டர்ஸ் பாப்பி விதையை ஆன்சாக் தினத்தையொட்டித் தூவினால் நவம்பர் 11ஐ ஒட்டிப் பூக்கும் என்பது ஆஸ்திரேலியாவின் தென்பகுதித் தோட்டக்காரர்களின் பழைய கணக்கு. அந்த விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கி, மண்ணைக் கிளறினால்தான் முளைக்கும்; குண்டுகளால் கிளறப்பட்ட போர்க்களங்களில் அது அப்படிச் செழித்ததற்குக் காரணம் அதுவே. கடைப் பொட்டலத்தில் அந்தப் பெயரைப் பார்த்தே வாங்குங்கள். சமையலறையில் இருக்கும் கசகசாவைத் தூவிவிடாதீர்கள்: அது அபினிச் செடியின் விதை, உரிமம் இல்லாமல் அதை வளர்ப்பது இங்கே குற்றம். விதை தூசி போல இருப்பதால் ஒரு கைப்பிடி மணலோடு கலந்து கொடுத்தால் அவளால் தூவ முடியும். வெயில் படும் தொட்டி, மேலே மண் போட்டு மூட வேண்டாம், முளைக்க வெளிச்சம் தேவை. தூவியபின் கையைக் கழுவிவிடுங்கள், செடியை வாயில் வைக்க விடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் பச்சை தெரியும். தெரிந்து மறுநாளே காணாமல் போனால் நத்தையைத் தேடுங்கள். மே மாத இறுதிவரை மறுபடி தூவ நேரம் இருக்கிறது, எனவே பொட்டலத்தில் பாதியை மிச்சம் வையுங்கள்.